சொரியாசிஸ்: பூசினால் மாறுது, விட்டால் திரும்ப வருது. ஏன்?

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கணவருக்கு 41 வயது, கல்முனைப் பக்கம் வேளாண்மை செய்பவர். ஆறு வருடமாக முழங்கை, முழங்கால், தலை, இடுப்புக்கு மேலே முதுகில் சொரியாசிஸ். பார்மசியில் வாங்கிய கிறீமைப் பூசினால் ஒரு கிழமையில் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஒருமுறை ஊசி போட்டபோது பத்து நாளில் தோல் வெளித்து, அடுத்த மாதமே முன்பு இல்லாத இடமெல்லாம் வந்துவிட்டது. பரிகாரியாரின் எண்ணெயும் பார்த்தாயிற்று, இறாலையும் கத்தரிக்காயையும் நிறுத்தியாயிற்று. கடைசியில், "நிரந்தரமாக மாற்றும் மருந்து எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு மருந்து இன்றுவரைக்கும் இல்லை. உண்டு என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் எழுத்துக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எல்லா மருந்தும் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஏன் கைவிடுகிறது? அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. தோல் கிளினிக்குக்கு வருகிற பெரும்பாலானவர்களுக்கு மருந்து பிழையாக இருப்பதில்லை. பூசும் அளவு, பூசும் காலம், நிறுத்தும் முறை, இந்த மூன்றில் ஒன்றுதான் பிழைத்திருக்கும். சிலருக்குப் பூசும் மருந்தின் எல்லையை நோய் தாண்டியிருக்கும், ஆனாலும் டியூப் மேல் டியூபாக அதையே பூசிக்கொண்டிருப்பார்கள்.

சாதாரணத் தோலில் அடியில் பிறக்கும் கலம் மேலே வந்து உதிர ஏறத்தாழ நான்கு கிழமை எடுக்கும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது சில நாட்களிலேயே நடந்து முடிகிறது. முற்றாத கலங்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிவதால்தான் தடிப்பும் வெள்ளைச் செதிளும். இதைத் தூண்டுவது உடம்பின் நோயெதிர்ப்புத் தொகுதி. இரத்தத்தில் அழுக்கு இல்லை, கிருமி இல்லை, யாருடைய சாபமும் இல்லை. ஒரே கிணறு, ஒரே துவாய், ஒரே பாய், எதனாலும் தொற்றாது. 2014 இல் உலக சுகாதார மாநாடு இதைத் தொற்றாத, நாட்பட்ட நோய் என்று தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறது. வீட்டில் தட்டும் கோப்பையும் வேறாக வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். பரம்பரைத் தொடர்பு உண்டுதான். ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு வராமல் இருக்கவே வாய்ப்பு மிகக் கூட.

மருந்துக்கு முன்னால் ஒன்றை உறுதிப்படுத்த வேண்டும்: இது சொரியாசிஸ்தான் என்று யார், எப்படிச் சொன்னார்கள்? நான் தோலைப் பார்க்கவில்லை, எழுத்தை வைத்து நோயை நிச்சயிக்க முடியாது. நீங்கள் சொல்லும் இடங்கள் சொரியாசிஸுக்குப் பொருந்துகின்றன என்று மட்டும் சொல்லலாம். நம் நிறத்தில் இது புத்தகப் படங்களில் போலச் சிவப்பாகத் தெரியாது. ஊதாவோ கருங்கபிலமோ ஆன தடிப்பு, அதன்மேல் வெள்ளிச் செதிள், ஓரம் கோடு போட்டது போல் தெளிவாக இருக்கும். நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகளோ, நகத்தின் அடியில் எண்ணெய்த்துளி போன்ற மஞ்சள் புள்ளியோ இருந்தால் சொரியாசிஸ்தான் என்பது இன்னும் உறுதியாகும். வட்டமாகப் பரவி, ஓரம் மட்டும் செதிளாகி நடு வெளுத்து வருவது பெரும்பாலும் பங்கசுப் படை. அதற்கு அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்ட் கிறீம் பூசினால் முதல் கிழமை கடி அடங்கும், பிறகு படை உரு மாறிப் பரவும். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் சிறு பரிசோதனையிலேயே இது தெரிந்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தொழுநோய் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, மட்டக்களப்பு வாவியில் தொழுநோயாளருக்கென அமைந்த மாந்தீவு வைத்தியசாலையை அறியாதவர் குறைவு. வெளிறிய அல்லது செம்பு நிறத் தழும்பில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது கடிக்காவிட்டால், கிறீம் வாங்காமல் நேரே தோல் கிளினிக்குக்குப் போக வேண்டும். அதற்கான மருந்து இலவசம், முழுதாக மாறும். சொரியாசிஸில் உணர்ச்சி போகாது.

இனிப் பூசும் மருந்து. பார்மசியில் கிடைத்தது பெரும்பாலும் குளோபெட்டசோல் 0.05 வீதமாக இருக்கும். ஸ்டீரொய்ட் கிறீம்களில் வலிமை கூடிய வகுப்பு இது. நல்ல மருந்து, முழங்கை முழங்கால் தடிப்புக்குத் தோல் டொக்டரும் பல வேளைகளில் இதையேதான் எழுதுவார். பிழைப்பது அளவில். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரைக் கிராம். அந்த அரைக் கிராம் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு, விரல்களையும் சேர்த்து, போதும். கணவரின் இரு முழங்கையும் இரு முழங்காலும் சேர்ந்து நான்கு உள்ளங்கை என்று வைத்தால் ஒரு தடவைக்கு ஒரு கிராம், காலை மாலை பூசினால் நாளுக்கு இரண்டு. 15 கிராம் டியூப் ஒரு கிழமையில் முடிய வேண்டும். அந்த டியூபையே மூன்று மாதம் வைத்துப் பூசியிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, தோலுக்கு மருந்து போகவேயில்லை. மறுபக்கம், இதற்கு மேல்வரம்பும் உண்டு: கிழமைக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது, ஒரே இடத்தில் இரண்டு கிழமை, டொக்டர் சொன்னால் நான்கு கிழமை, அதோடு இடைவெளி. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் குளோபெட்டசோல் ஒருநாளும் பூசக்கூடாது. அங்கே தோல் மெல்லியது, சில கிழமைகளிலேயே நரம்பு தெரியும், கோடு விழும், அந்தக் கோடு பிறகு அழியாது. தடித்து வறண்ட இடத்துக்கு ஒயின்மென்ட் நல்லது, தலைக்கு லோஷன். மூன்று நான்கு மருந்தைக் கலந்து விற்கும் கிறீம்களை, அதாவது ஸ்டீரொய்ட்டும் பங்கசு மருந்தும் அன்டிபயோட்டிக்கும் ஒன்றாக இருப்பவற்றை, சொரியாசிஸுக்கு வாங்க வேண்டாம்.

நிறுத்தும் முறைதான் பலருக்குத் தெரியாத இடம். தோல் வெளித்த அன்றே டியூபை மூடி வைத்தால் இரண்டு மூன்று கிழமையில் திரும்பும். வெளித்த பிறகு நாளுக்கு ஒரு தடவை, பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள், பிறகு சனி ஞாயிறு மட்டும் என்று இறக்கி, அந்த இரண்டு நாளைச் சில மாதம் வைத்திருப்பது திரும்பி வருவதைத் தள்ளிப்போடும். கால்சிபொட்ரியோல் என்ற விட்டமின் டி வகைப் பூச்சு கிடைத்தால் கிழமை நாட்களில் அதையும் சனி ஞாயிறில் ஸ்டீரொய்ட்டையும் பூசுவது இன்னும் நல்லது, விட்டமின் டி பூச்சில் தோல் மெலியும் பயம் இல்லை. வெளித்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நம் தோலில் தடிப்புப் போன இடத்தில் கறுப்போ வெளிறலோ மாதக்கணக்கில் நிற்கும். அது நோய் இல்லை, நிறம் மட்டும். கண்ணை மூடி விரலை ஓட்டும்போது ஓரமும் தடிப்பும் தட்டுப்படாவிட்டால் அந்த இடத்தில் மருந்தின் வேலை முடிந்தது. கறுப்பு மாறட்டும் என்று ஆறு மாதம் குளோபெட்டசோல் பூசித் தோலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

எண்ணெய்ப்பசை மருந்தை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை, ஆனால் அது இல்லாமல் மற்றவை பாதிதான் வேலை செய்யும். வெள்ளைப் பரஃபின், எமல்சிஃபையிங் ஒயின்மென்ட், வசதி இல்லையென்றால் வீட்டுத் தேங்காயெண்ணெய், எதுவானாலும் நாளுக்கு இரண்டு தடவை, குளித்து ஈரத்தைத் துவாயால் ஒற்றி எடுத்த மூன்று நான்கு நிமிடத்துக்குள். வாசச் சவர்க்காரத்துக்குப் பதிலாக அக்குவஸ் கிறீமைத் தேய்த்துக் கழுவலாம். ஆனால் அதைப் பூசி அப்படியே விடுவது சிலருக்கு எரிச்சல் தரும். ஸ்டீரொய்ட்டையும் இதையும் ஒன்றாகக் குழைக்கக்கூடாது, இடையில் அரை மணித்தியாலமாவது விட வேண்டும். ஆனி ஆடியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது தோல் வெடித்து நோய் கிளம்புவது இங்கே எல்லாரும் காண்பது. அந்த மாதங்களில் எண்ணெய்ப்பசையை மூன்று நான்கு தடவையாக்க வேண்டும். தொழுகைக்கு ஒளு எடுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் கைகால் கழுவியதும் கொஞ்சம் தடவிக்கொண்டால் போதும். ஒரு எச்சரிக்கை: பரஃபின் ஊறிய சாரமும் சட்டையும் எளிதில் தீப்பற்றும். பீடி, விறகடுப்புப் பக்கம் அந்த உடுப்போடு போகக்கூடாது.

தலைக்கு வழி வேறு. செதிள் தடித்திருக்கும்போது மேலே லோஷன் ஊற்றினால் அது செதிளோடு நின்றுவிடும். முதலில் செதிளை இளக்க வேண்டும். சலிசிலிக் அமிலம் 3 முதல் 5 வீதம் கலந்த எண்ணெயையோ ஒயின்மென்டையோ முடியை வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் அல்ல, தலைத்தோலில் படும்படி இரவில் பூசி, பழைய துணி கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் தார் கலந்த ஷாம்பூவால் ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கழுவி, அகலப் பல் சீப்பால் மெதுவாக வாரினால் இளகியது வரும். வராததை நகத்தால் கிள்ளக்கூடாது. கிள்ளினால் துளித்துளியாக இரத்தம் கசியும், காயம் பட்ட இடத்தில் புது நோய் முளைக்கும், முடியும் உதிரும். நாலைந்து இரவில் தலைத்தோல் தெரிய வந்ததும் ஸ்டீரொய்ட் லோஷனைத் தொடங்கி நான்கு கிழமை வரை போடலாம். சலிசிலிக் அமிலத்தை உடம்பு முழுக்கப் பூசக்கூடாது, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், கால்சிபொட்ரியோலோடு சேர்த்தால் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். தார் மருந்து பழையது, மணக்கும், துணியில் கறை பிடிக்கும், ஆனாலும் மலிவாகவும் பத்திரமாகவும் வேலை செய்யும். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் குறைந்த வலிமை ஸ்டீரொய்ட் சில நாட்களுக்கு, அல்லது ஸ்டீரொய்ட் இல்லாத டக்ரோலிமஸ் பூச்சு. நகத்துக்குப் பூச்சு மருந்து அவ்வளவாகக் கேட்காது, கைநகம் மாதம் மூன்று மில்லிமீற்றர்தான் வளரும் என்பதால் எந்த மருந்துக்கும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

அந்த ஊசியைப் பற்றி. அதில் என்ன இருந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் பத்து நாளில் வெளித்து, ஒரு மாதத்தில் பல மடங்காகத் திரும்பியது ஸ்டீரொய்ட் ஊசிக்கோ குளிசைக்கோ பிறகு நடப்பதோடு அப்படியே பொருந்துகிறது. பிரெட்னிசொலோன் போன்றவை உடம்புக்குள் போகும்போது சொரியாசிஸ் அழகாக அடங்கும். அவை இறங்கும்போது நோய் துள்ளிக்கொண்டு எழும். சிலருக்கு உடம்பு முழுதும் சிவந்து உரிவதாகவோ சீழ்க் கொப்புளங்களாகவோ மாறி உயிருக்கே ஆபத்தாகும். சொரியாசிஸுக்கென்று ஸ்டீரொய்ட் ஊசியோ குளிசையோ வேண்டாம். வேறு வருத்தத்துக்கு, இழுப்புக்கோ மூட்டுக்கோ, யாராவது எழுதினால் சொரியாசிஸ் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத உருண்டை, பவுடர், கறுத்த பசை எதுவானாலும் மூன்று நாளில் அதிசயமாகக் கேட்டால் அதற்குள்ளும் ஸ்டீரொய்ட் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

பூச்சு எப்போது போதாது? உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து உடம்பின் ஒரு வீதம் என்று கணக்கிடுகிறோம். கணவரின் உள்ளங்கையால் அளந்து பத்தைத் தாண்டினால், அல்லது இடம் சிறிதானாலும் முகம், உள்ளங்கை, பாதம், மறைவிடம் என்று நாளாந்த வாழ்க்கையை முடக்கினால், அல்லது சரியான அளவில், இடைவெளியும் சேர்த்து, எட்டுக் கிழமை பூசியும் பாதிகூடக் குறையாவிட்டால், அடுத்த படிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. ஊசிக்குப் பிறகு பரவியது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் அந்தப் படியில் நிற்கிறார் என்றே எண்ணுகிறேன். அங்கே முதலாவது ஒளிச் சிகிச்சை. 311 நனோமீற்றர் அலைநீளமுள்ள குறும்பட்டைப் புறஊதா ஒளிப் பெட்டிக்குள் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் இருபது முதல் முப்பது தடவை நிற்க வேண்டும். பலருக்கு மாதக்கணக்கில் வெளித்திருக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கொடுக்கலாம். இடைஞ்சல் போக்குவரத்து. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றர் அளவு, கிழமைக்கு மூன்று தடவை பஸ்ஸில் போய்வர நெல் அறுக்கும் அருவி வெட்டுக் காலத்தில் யாரால் முடியும்? அப்படியென்றால் நம் வெயில் போதாதா என்று கேட்பார்கள். வெயிலிலும் அந்தக் கதிர் உண்டு, சிலருக்குக் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் அளவைக் கட்டுப்படுத்த முடியாது, தோல் கருகினால் கருகிய இடத்திலேயே நோய் எழும். பாதித்த இடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, முகத்தை மூடி. அதற்குமேல் வேண்டாம். வயலில் நாள் முழுதும் நிற்பவருக்கு வெயில் ஏற்கனவே கிடைக்கிறது. அவருக்கு மாறாததற்கு வெயில் குறைவு காரணமாக இருக்காது.

இரண்டாவது மெதொட்ரெக்சேட் என்ற குளிசை. 1950களிலிருந்து சொரியாசிஸுக்குக் கொடுக்கப்படுகிறது, மலிவு, பலருக்கும் கேட்கும், மூட்டுக்கும் சேர்த்து வேலை செய்யும். இதைப் பற்றி ஊரில் இருக்கும் பயம் பாதி நியாயமானது, பாதி தேவையற்றது. புற்றுநோய் மருந்து என்று சொல்லிப் பயப்படுகிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு எங்கேயோ, இங்கே கொடுக்கும் அளவு எங்கேயோ. நியாயமான பயம் இதுதான்: இது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கும் மருந்து. நாளுக்கு ஒன்று என்று எண்ணிக் குடித்து எலும்பு மச்சை செயலிழந்து இறந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஆகவே கிழமையில் ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை, அதைக் கிளினிக் கொப்பியிலும் மருந்துப் பைக்கற்றிலும் பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குளிசை 2.5 மி.கி., 10 மி.கி. என்று இரு அளவில் வரும். மருந்து எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அளவை வாசித்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக 7.5 அல்லது 10 மி.கி. இல் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். ஃபோலிக் அமிலம் 5 மி.கி. வேறொரு நாளில். குமட்டலையும் வாய்ப்புண்ணையும் அது குறைக்கும். முதல் நான்கு கிழமையில் ஒன்றும் தெரியாது, எட்டில் தெரியத் தொடங்கும், பன்னிரண்டு பதினாறில்தான் முழுப் பலன். மூன்றாம் கிழமையில் "கேட்கவில்லை" என்று விட்டவர்களைத்தான் அதிகம் காண்கிறோம்.

தொடங்குமுன் இரத்தக் கலக் கணிப்பு, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகள், நெஞ்சுப் படம் பார்க்கப்படும். தொடங்கியபின் முதலில் ஓரிரு கிழமைக்கு ஒருமுறை, நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரக வருத்தம் பரவலாக உள்ள தெகியத்தகண்டிப் பக்கத்தவர்கள், நீண்டகாலச் சீனி வருத்தக்காரர்கள், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஒரு குளிசைகூட எடுக்கக்கூடாது. வயிற்றோட்டம், வாந்தி, வெயிலில் தண்ணீர் வற்றிய நாள், இவற்றில் அந்தக் கிழமை டோசைத் தள்ளிவைத்துக் கிளினிக்கைக் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். டெங்கும் எலிக்காய்ச்சலும் உள்ள ஊர் நம் ஊர், மருந்தை நிறுத்தி அன்றே இரத்தம் பார்ப்பது நல்லது. கோட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக்கை இதோடு சேர்க்கவே கூடாது. டைக்குளோபெனக் போன்ற வலிக் குளிசைகளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சாராயம், கசிப்பு, பியர் எதுவும் வேண்டாம், ஈரல் இரண்டையும் தாங்காது. வாய்ப்புண், தொண்டை நோ, காரணமில்லாத கண்டல், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல், கண் மஞ்சள், இவற்றில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பெண்கள் இந்த மருந்தில் இருக்கும்போது கர்ப்பம் தரிக்கக்கூடாது, நிறுத்திய பின்னும் ஆறு மாதம் காத்திருப்பது வழக்கமான அறிவுரை. நீங்கள் இன்னொரு பிள்ளைக்கு எண்ணியிருந்தால், மருந்து அவருக்குத்தான் என்றாலும், டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இதுவும் பொருந்தாதவர்களுக்கு சைக்குளோஸ்போரின் உண்டு, விரைவாகக் கேட்கும், பிரஷரும் சிறுநீரகமும் பார்த்துக்கொண்டு சில மாதத்துக்கு மட்டும். அசிட்ரெட்டின் உள்ளங்கை, பாதத் தடிப்புக்கும் சீழ்க் கொப்புள வகைக்கும் நல்லது, ஆனால் நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கர்ப்பம் கூடாது என்பதால் இளம் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. அடலிமுமாப், செக்குகினுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் இன்று இருப்பவற்றில் வலிமையானவை, பலருக்குத் தோல் ஏறத்தாழ முழுதாக வெளிக்கும். தொடங்குமுன் காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், விலையும் மிகக் கூட. அவற்றாலும் நோய் அடங்குமே ஒழிய வேரோடு போகாது.

அவரிடம் மூட்டைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எழும்பும்போது விரல், முழங்கால், இடுப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் இறுகி நிற்கிறதா? ஒரு விரல் முழுதும் வீங்கியிருக்கிறதா? குதிக்காலில் ஊன்ற முடியாத நோவு உண்டா? சொரியாசிஸ் உள்ளவர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்காவது மூட்டு பாதிக்கிறது, நகக் குழி உள்ளவர்களுக்கு இன்னும் கூட. தோலில் வருவது தழும்பில்லாமல் மாறும். மூட்டில் அரிந்தது திரும்ப வளராது. வயல் வேலை நோவு என்று எண்ணி வருடக்கணக்கில் வலிக் குளிசை போட்டுக்கொண்டிருப்பதுதான் இங்கே நடப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பூச்சு மருந்தோடு நிற்கக்கூடாது.

சாப்பாட்டில் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. உடம்பு பருத்தவர் எடையைக் குறைத்தால் நோய் குறைகிறது, மருந்தும் நன்றாகக் கேட்கிறது, இது உறுதி. சிகரெட்டும் குடியும் நோயைக் கூட்டுகின்றன என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. இறால், நண்டு, கணவாய், சூரை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, தோல் வருத்தத்தைக் கிளப்பும் என்று தள்ளுவதற்கு சொரியாசிஸில் ஆதாரம் இல்லை. ஒன்றைத் தின்றால் கூடுகிறது என்று அவருக்கே தோன்றினால் அந்த ஒன்றை மட்டும் ஆறு கிழமை நிறுத்திப் பார்த்துத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம். வாவி இறாலும் மீனும் அவருடைய புரதம், காரணமில்லாமல் பறிக்க வேண்டாம். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்று இதற்குப் பெயர், வெட்பாலைத் தைலம் பரவலாகக் கொடுக்கிறார்கள். தேங்காயெண்ணெயில் வெட்பாலை மட்டும் இட்டதென்றால் தோலை இளக்கும், கெடுதல் குறைவு. ஆய்வுகள் சிறியவை, ஸ்டீரொய்ட்டுக்கு ஈடாக நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. சேராங்கொட்டை சேர்ந்த எண்ணெய் தோலைப் பொக்களிக்கச் செய்யும், அது வேண்டாம். பரிகாரியாரிடம் போவதை மறைக்க வேண்டியதில்லை. என்ன பூசுகிறார், என்ன குடிக்கிறார் என்பதைக் கிளினிக்கில் சொன்னால் போதும், முக்கியமாக மெதொட்ரெக்சேட் குடிக்கும்போது, ஈரலுக்கு இரண்டு பாரம் ஏறாமல் இருக்க.

வயலில் அரிவாள் கீறல், வரம்பு வெட்டும்போது முழங்காலில் உரசல், இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டிய இடம், இவையெல்லாம் புது நோய் முளைக்கும் இடங்கள். முழங்காலுக்குத் துணி சுற்றுவதும் சாரத்தைத் தளர்த்துவதும் சிறிய விசயங்கள் போலத் தெரியும், ஆனால் அந்த இடங்களில் பூச்சு பலன் தர அவை வேண்டும். வேறு வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்தும் கிளப்பலாம்: பிரஷருக்கு அட்டெனோலோல், நடுக்கத்துக்கோ தலையிடிக்கோ புரொப்பிரனோலோல், மனநோய்க்கு லித்தியம், மூட்டு வாதத்துக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இவற்றைத் தானாக நிறுத்தினால் அதனாலேயே ஆபத்து வரும். மாற்று உண்டா என்று எழுதிய டொக்டரையே கேட்க வேண்டும். தொண்டை நோவுக்குப் பிறகு மழைத்துளி போல் சிறு புள்ளிகள் உடம்பெங்கும் வந்தால் அது தொற்றின் தொடர்ச்சியாக வரும் வகை, பெரும்பாலும் சில மாதத்தில் மாறிவிடும்.

இனி அவர் செய்ய வேண்டியது. கல்முனையில் வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) காட்டித் தோல் கிளினிக்குக்குத் துண்டு வாங்கிக்கொள்ளலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் உண்டு. போகுமுன் மூன்று நாள் ஸ்டீரொய்ட் பூசாமல், எண்ணெய்ப்பசை மட்டும் தடவிக்கொண்டு போனால் நோயின் உண்மை உருவத்தை டொக்டர் பார்ப்பார், சுரண்டல் பரிசோதனையும் சரியாக வரும். இதுவரை பூசிய டியூப்கள், குளிசை அட்டைகள், எண்ணெய்ப் போத்தல், ஊசி போட்ட இடத்தின் துண்டு, வேறு வருத்தங்களுக்கான மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். பூசும் மருந்தை எழுதும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒரு தடவைக்கு எத்தனை விரல்நுனி, எத்தனை கிழமை, பிறகு எப்படி இறக்குவது. போனில் அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், கிழமைக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள், கேட்கிறதா இல்லையா என்பதற்கு நினைவைவிட அது நல்ல சாட்சி. கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாத நிலை இரண்டு: உடம்பு பெரும்பகுதி சிவந்து சூடாகி நடுங்கத் தொடங்கினால், அல்லது காய்ச்சலோடு குண்டூசித்தலை அளவு சீழ்க் கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாக வந்தால், இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முன்பு ஊசி போட்டதையும் அங்கே முதலிலேயே சொல்லுங்கள்.